பிட்டுப் பைக்குள் துவக்கு

1

சுன்னாகத்திலிருந்து என் மச்சாள் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு குரற்செய்தி அனுப்பியிருந்தார். "எடி சறோ, உன்ரை மகள் துவக்கோடை பிடிபட்டவளாம். உங்கை பலேர்மோவிலை இருந்து வந்த ஆரோ கோயிலடியிலை கதைச்சவையாம். நான் நம்பேல்லை. ஆனா உண்மையோ?"

நம்பாதவர் ஏன் கேட்கிறார்? குரலில் கவலை கால் பங்கு, ஆவல் முக்கால் பங்கு. 'ஓம்' என்று பதில் போட்டால் அடுத்த நாளே என் மகளை ஒரு கள்ளக் கூட்டத்தின் தலைவியாக்கிவிடுவார்கள். நாங்கள் இருப்பது சிசிலித் தீவு வேறு, கேட்கவா வேண்டும். 'இல்லை' என்று போட்டால் அது பொய். அந்தச் சம்பவம் நடந்து நேற்றோடு ஒரு வருடம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் கண் காது மூக்கு வைப்பதற்கு முதல் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்கிறேன். நான் இங்கே லிபெர்த்தா பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, ஓர் இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். என் கணவர், இவருக்கு மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. கோடைகாலத்தில் இவரை நான் நித்திரையில் மட்டும்தான் பார்ப்பேன். குடியிருப்பது சீசா பகுதியில், மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. ஒரே மகள் ஆரணி. இங்கே பிறந்து, பதினெட்டு வயதில் இத்தாலியக் குடியுரிமை எடுத்தவள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் தாதி வேலைக்கும் கணக்காளர் வேலைக்கும் படிக்க, இவள் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் ஆயுதம் தாங்கிய காவலாளியாகச் சேர்ந்தாள். ஒரு வைத்தியசாலை வாசலில் காவல், இடுப்பில் பிஸ்டல். சட்டப்படி, உரிமத்தோடு, அவளுடைய பெயரிலேயே வாங்கியது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் சந்தேகக்காரி. பால் பெட்டியில் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு படி இறங்கி, திரும்பி ஏறி இழுத்துப் பார்ப்பேன். சீருடை போட்ட ஒருவர் "காலை வணக்கம்" என்றால், இவருக்கு என்ன வேணுமாம் என்றுதான் முதலில் தோன்றும். இது பிறவிக் குணமா, பழகிய குணமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

2

துவக்கு உரிமம் எடுப்பது பெர்மெஸ்ஸோ எடுப்பதைவிடக் கஷ்டம். வதிவிட அனுமதிக்கு நான் பட்ட பாட்டை எழுத வெளிக்கிட்டால் தனிப் புத்தகம் வேண்டும், ஆனால் அதற்கு யாரும் என் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை. ஆரணிக்குக் கண் பரிசோதனை, மனநலச் சான்றிதழ், சுடத் தெரியும் என்று ஒரு சான்றிதழ், பொலிஸ் பதிவில் ஒரு கீறலும் இல்லை என்று ஒன்று. எல்லாம் முடிந்தபிறகு இன்னுமொரு கடுதாசி. வீட்டில் கூட இருக்கும் வயது வந்தவர்களுக்கு இந்தச் சங்கதி சொல்லப்பட்டது என்று அவள் கையெழுத்து வைக்கவேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் வைத்துச் சொன்னாள். இவர் "கவனம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். நான் கேட்ட கேள்விகளுக்குச் சோறு ஆறிப்போனது. சுவரில் துளை போட்டு ஓர் இரும்புப் பெட்டி பூட்டினார்கள். அதன் சாவி எங்கே இருக்கும் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். சரி என்றேன்.

காலையில் என்னை லிபெர்த்தாவில் இறக்கிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். நான் பின்சீற்றில்தான் இருப்பேன். முன்னால் இருந்தால் பெல்ட் கழுத்தை அறுக்கும். "ஆக்கள் என்னை உங்கடை டிரைவர் எண்டு நினைக்கப்போகினம்" என்று சிரிப்பாள். நினைக்கட்டுமே, எத்தனை வருடம் நான் மற்றவர்களின் கோப்பை கழுவுகிறேன்.

அந்தப் பயணங்களில்தான் எனக்குச் சட்டம் படிப்பித்தாள். ரோட்டில் பொலிஸ் மறித்தால் என்ன செய்வது என்று.

"கையை ஸ்டியரிங்கிலை வைக்கவேணும். கேட்ட பேப்பரைக் குடுக்கவேணும். ஆயுதம் இருக்கோ எண்டு கேட்டா உள்ளதைச் சொல்லவேணும்."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி நானா முந்திச் சொல்லவேணும் எண்டு சட்டம் இல்லை. ஆனா சொல்லுறது நல்லம். அவையும் மனுசர்தானே, திடீரெண்டு கண்டா வெருண்டு போவினம்."

"அவங்கள் வெருளுறதோ?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துவக்கு வைத்திருக்கிறவன் வெருளுவான் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அம்மா, கேளுங்கோ. என்ரை கையாலை நான் அதை எடுத்துக் காட்டக்கூடாது. அவை சொன்னாத்தான். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தா காரைத் தேடலாம். ஆனா தேடினா எழுதித் தரவேணும். லோயருக்குப் போன் அடிக்கிறதெண்டா அடிக்கலாம், ஆனா லோயர் வாறவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க மாட்டினம். எழுதினதை வாசிக்காமல் நான் கையெழுத்துப் போடத் தேவையில்லை."

"இதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு எழுதினது."

"எனக்கும் எழுதினதுதான் அம்மா."

அதற்குப் பிறகும் ஒன்று சொன்னாள். உரிமத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு ஆளின் கையில் அது இருக்கக்கூடாது, ஒரு நிமிஷமும் கூடாது. அதைச் சொல்லும்போது நான் பிட்டுப் பாத்திரத்தின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

3

போன வருடம் அந்த நாள் ஆரணிக்கு லீவு. அவளுடைய உரிமம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டியது. புதுப்பிக்கச் சுடும் பயிற்சிக்கூடத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். சீருடை இல்லை, ஒரு நீல ஜம்பர். பிஸ்டலைக் குண்டு எடுத்துவிட்டு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் பூட்டிப் பின்சீற்றில் எனக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். குண்டுகள் வேறாக டிக்கிக்குள். ஒரு பிஸ்கற் தகரத்தின் அளவுதான் அந்தப் பெட்டி. எனக்கு மற்றப் பக்கத்தில் என்னுடைய பெரிய பை. அதற்குள் எனக்கும் சிஞ்ஞோராவுக்கும் மத்தியானத்துக்குப் பிட்டு. சிஞ்ஞோராவுக்குப் பல் இல்லை. தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார்.

காலை எட்டு மணி. பெரிய வீதிக்கு ஏறும் இடத்தில் நீலக் கார் ஒன்று குறுக்காக நின்றது. ஒரு பொலிஸ்காரர் அந்தச் சிவப்பு வட்டம் போட்ட தடியைத் தூக்கினார். எங்களுக்கு முன்னால் போன ஐந்தாறு காரை விட்டார். எங்களை மறித்தார். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு காரணம் தெரியும், ஆரணி அதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எனக்கு அவளுடைய வயதுகூட வராத காலத்தில், ஊரில் சண்டை நடந்தபோது, எங்கள் பக்கம் பற்றறிக்கு அரசாங்கத் தடை. சவர்க்காரத்துக்குத் தடை, மெழுகுதிரிக்குத் தடை. ஆனால் பற்றறிதான் பெரிய குற்றம். அப்பாவின் ரேடியோ பற்றறி இல்லாமல் ஊமையாய்க் கிடந்தது. சித்தி வீட்டில் இரண்டு பற்றறி இருந்தது. அதைக் கொண்டுவர என்னை அனுப்பினார்கள், பெட்டைப்பிள்ளையைப் பெரிதாகச் சோதிக்கமாட்டார்கள் என்று. சித்தி பிட்டை வாழையிலையில் பொதிசெய்து நடுவில் பற்றறி இரண்டையும் வைத்துவிட்டார். சென்றியில், ஆமிக் காவலரணில், பஸ்சை விட்டு இறக்கி நடக்கவிட்டார்கள். ஆமிக்காரன் பொதியை ஒரு தடியால் குத்தினான். தடி ஓரத்தால் போனது. "உள்ளுக்கு என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். "தெரியாது, அம்மா கட்டினது" என்றேன். போகச் சொன்னான். வீட்டுக்கு வந்து பிட்டை உதறிப் பற்றறியைத் துடைத்துப் போட்டோம். அன்றைக்குச் செய்தி கேட்ட சந்தோஷத்தில் அப்பா எனக்கு என்ன நடந்திருக்கக்கூடும் என்று யோசிக்கவே இல்லை. நானும் யோசிக்கவில்லை. என் கை மட்டும் அதைப் படித்து வைத்துக்கொண்டது.

பலேர்மோவில் அந்தச் சிவப்பு வட்டம் தூக்கியதும் என் தலை ஒன்றும் யோசிக்கவில்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். கை யோசித்தது. ஆரணி காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைப்பதற்குள் நான் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து என் பைக்குள் வைத்து, மேலே பிட்டுப் பாத்திரத்தை வைத்து, பையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். காணவில்லை.

பொலிஸ்காரர் இளம் ஆள். வடிவாய்ச் சவரம் செய்த முகம். பேப்பர்களை வாங்கிப் பார்த்தார். பிறகு வாடிக்கையான கேள்வி: காரில் தடைசெய்த சாமான், ஆயுதம் ஏதாவது?

"ஓம்," என்றாள் என் மகள், அச்சொட்டாகப் பலேர்மோக்காரியின் இத்தாலியில். "ஒரு பிஸ்டல். என்னுடையது. குண்டு போடவில்லை. பூட்டிய பெட்டிக்குள் பின்சீற்றில் இருக்கிறது. உரிமம் என் பர்ஸில், எடுத்துத் தரலாமா?"

எவ்வளவு அழகாகச் சொன்னாள்! சட்டம் எப்படியோ அப்படி. அவரும் "நன்றி சிஞ்ஞோரீனா, எடுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னார். உரிமத்தைப் பார்த்தார். பின்கதவைத் திறந்தார். பின்சீற்றில் நான் இருந்தேன். என் மடியில் பை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"பெட்டி எங்கே?"

ஆரணி கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். "அம்மா, பெட்டி எங்கை?"

"தெரியாது," என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்த விதம் எனக்கே திகைப்பாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அப்பாவியாக. பொலிஸ்காரர் ஓர் அடி பின்னால் போனார். அவருடைய வலக்கை மெல்ல இடுப்புக்குப் போனது. மற்றப் பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். ஆரணி சொன்னது சரி, அவர்களும் வெருளுவார்கள். அந்த முகத்தில் நான் அதைக் கண்டேன். உரிமம் காட்டுகிறாள், ஆனால் துவக்கு சொன்ன இடத்தில் இல்லை. அப்படியென்றால் எங்கே?

ஆரணியின் விரல்கள் ஸ்டியரிங்கில் நடுங்கின. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஊசி போடக் கொண்டுபோனால் அப்படித்தான் விரல் நடுங்கும், முகம் மட்டும் வீறாப்பாக இருக்கும். அதைக் கண்டபிறகு என்னால் தாங்கமுடியவில்லை.

"இஞ்சை," என்றேன். "என்னட்டைத்தான் இருக்கு." பிறகு அதையே இத்தாலியில் சொன்னேன். பையைத் திறக்கக் கை கொண்டுபோனேன்.

"கையை எடுங்கோ அம்மா! கையை மேலை தூக்குங்கோ!" ஆரணி கத்தினாள். பொலிஸ்காரரும் அதையேதான் கத்தினார். இரண்டு மொழியில் ஒரே கட்டளை. பலேர்மோ வீதியில், காலை எட்டு மணிக்கு, நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காரால் இறங்கினேன். பக்கத்துப் பாண் கடை வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அதில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன். மச்சாளின் செய்திக்குப் பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது.

பிட்டுப் பாத்திரத்தை வெளியே எடுத்து மூடியைத் திறந்து ஒருவர் முகர்ந்து பார்த்தார். "கூஸ்கூஸா?" என்று கேட்டார். "அது மாதிரி" என்றாள் ஆரணி. அதற்குக் கீழே பெட்டி இருந்தது.

4

நான் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே கூடாது. உரிமம் இல்லாத என் பைக்குள் அது இருந்தால் அது என்மேல் குற்றம். அவள் பத்திரமாக வைத்திருக்கவில்லை என்பது அவள்மேல் குற்றம். உரிமத்தை இழந்தால் ஆரணி வேலையையும் இழப்பாள். அது இல்லாமல் அந்தச் சீருடையைப் போடவே முடியாது. ஒன்றுமே செய்யாத பிள்ளை. சட்டத்தைச் சொட்டும் பிசகாமல் பிடித்த பிள்ளை.

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு வாங்கில் இருத்தினார்கள். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டு, கேட்டதோடு நிற்காமல் தொலைபேசியில் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். அந்தப் பெண் சிங்களத்தில் பேசினார். "இலங்கைதானே?" என்றார் அதிகாரி, குழம்பிப்போய். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த இத்தாலியே போதும் என்றேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் நரைத்த தலைக்காரர். ஆரணியைப் பார்த்துக் கேட்டார்: "உன் அம்மா உனக்குத் தெரியாமல் பெட்டியை எடுத்தாரா?"

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு 'ஓம்' என்று தலையை ஆட்டினாள்.

எங்கள் ஊரில் தலையாட்டி என்று ஒரு சொல் இருந்தது. என் வயதுக்காரர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து எல்லோரையும் வரிசையில் நடக்கவிடுவார்கள். வாகனத்துக்குள் சாக்கால் முகத்தை மூடி ஓர் ஆள் இருக்கும். அது தலையாட்டினால் உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்த முகமூடிக்குள் இருப்பது யாருடைய பிள்ளை என்று பிறகு ஊர் முழுக்க ஆராய்ச்சி நடக்கும்.

என் மகளுக்கு முகமூடி இல்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஆட்டினாள். பெற்ற தாயைக் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன். அதை மறைத்து எழுதி என்ன பயன். அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்தேன்.

அதிகாரி அறிக்கையை அடித்து எடுத்துவந்து நீட்டினார். நான் பேனையைத் தேடினேன். ஆரணி பேனையைத் தொடவில்லை. ஒரு வரி விடாமல் வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் காத்துக்கொண்டு நின்றார். நானோ அவர் கோபப்படப் போகிறார், கோபப்படப் போகிறார் என்று அவருடைய கன்னத்தையே பார்த்தேன்.

"இருவரும் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் சென்றனர் என்று இருக்கிறது. இது சரியில்லை," என்றாள். "நீங்கள் தேட முதலே ஆயுதம் இருக்கிறது என்று நான் சொன்னேன். அது இதில் இல்லை. அதை எழுதினால் கையெழுத்து வைக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். காலையில் எங்களை மறித்த இளம் ஆளைக் கூப்பிட்டு "சொன்னாளா?" என்று கேட்டார். "ஓம், முதலிலேயே சொன்னார்" என்றார் அந்த ஆள். நரைத்த தலைக்காரர் திரும்பிப்போய் மறுபடியும் அடித்தார். ஒரு பிரதி கேட்டாள். தந்தார்.

சீருடைக்காரன் எழுதியதை ஒருத்தி பிழை என்று சொல்லி, அவன் அதைத் திருத்தி எழுதியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அப்போதும் நான் நம்பவில்லை. உள்ளே வேறொரு தாள் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் வெறுங்கையோடு காருக்கு வந்தோம்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்," என்றேன்.

"நடந்ததைத்தானே அம்மா சொன்னனான்."

"நீயே என்னட்டைத் தந்தனீ எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா? தெரிஞ்சு தந்ததெண்டு எனக்கும் கேஸ், வாங்கினதெண்டு உங்களுக்கும் கேஸ். அதோடை பொய் வேறை." காரை எடுக்காமல் இருந்தாள். "நீங்கள் தெரியாது எண்டு சொன்ன நேரம் அவன்ரை கை எங்கை போனதெண்டு பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"நான் கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டிருந்தனான் அம்மா. நீங்கள் பைக்குள்ளை கை வைச்சிருந்தா..." முடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். நான் பின்சீற்றில் இருந்தபடி அவளுடைய முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள்.

5

பிறகு வந்த மாதங்கள் காத்திருப்புத்தான். ஆரணியை ஒரு கட்டடத்தின் வரவேற்பு மேசையில் ஆயுதம் இல்லாமல் இருத்திவிட்டார்கள். வருகிறவர்களின் பெயரை எழுதும் வேலை. வீட்டில் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள், அதுவும் இத்தாலியில். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளுடைய லோயர் எழுதினார், நானும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஏன் எடுத்தீர்கள் என்ற இடத்தில் பற்றறிக் கதையை எழுதினேன். லோயர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அது சிறு விஷயம், வழக்குத் தேவையில்லை என்று முடிந்தது. ஆனால் துவக்கைத் திருப்பித் தருவதற்கு முதல் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும் என்றார்கள். பெட்டி எங்கே இருக்கிறது, யாருக்கு எட்டும் என்று.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பொலிஸிலிருந்து இரண்டு பேர் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண் சுவரில் இருந்த இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். "சாவி?"

"என்னிடம் மட்டும்," என்றாள் ஆரணி.

"அது இருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா?" கேட்டது அவளை, பார்த்தது என்னை.

"தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது," என்றாள் ஆரணி. அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

சாவி அவளுடைய குளிர்க்கோட்டின் உள்பையில், ஒரு கம்பளிக் காலுறைக்குள் இருந்தது. பெட்டி பூட்டிய முதற்கிழமையே நான் கண்டுபிடித்துவிட்டேன். தேடவில்லை என்று சொல்லமாட்டேன். தேடினேன். ஒன்றும் செய்வதற்கல்ல, என் வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு சாவி இருப்பதைத் தாங்கமுடியாமல்.

அந்தப் பெண் இன்னமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தெரியாது' என்ற அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அவர்கள் தாளில் ஒரு கீறு போட்டுவிட்டுப் படி இறங்குவார்கள், கிழமைக்குள் பெட்டி வரும், பிள்ளை சீருடையைப் போடுவாள். எவ்வளவு சுலபம்.

"எனக்குத் தெரியும்," என்றேன். இடத்தையும் சொன்னேன்.

அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆண் ஏதோ எழுதினார். பூட்டை இலக்கப் பூட்டாக மாற்றவேண்டும், மாற்றியதற்குச் சான்று அனுப்பவேண்டும், அதற்குப் பிறகுதான் துவக்கைத் தருவோம், பின்னொருநாள் மறுபடியும் வந்து பார்ப்போம் என்றார்கள். இன்னும் ஒன்றரை மாதம் போகும் என்று அர்த்தம்.

கதவு சாத்தியதும் அவள் திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தமிழில் கத்தினாள்.

"ஏன் அம்மா சொன்னனீங்கள்? தெரியாது எண்டு சொல்லியிருந்தா இண்டையோடை முடிஞ்சிருக்கும்!"

"நீதானே நடந்ததைச் சொல்லவேணும் எண்டனீ?"

அவள் சுவரில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். "காலுறைக்குள்ளை இருந்ததையுமோ கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். இந்தமுறை முதுகில் வைத்த கையைத் தட்டிவிடவில்லை.

6

துவக்கு திரும்பி வந்துவிட்டது. உரிமம் புதுப்பித்தாகிவிட்டது. ஆரணி மறுபடியும் வைத்தியசாலை வாசலில் காவல் நிற்கிறாள். ஆகவே மச்சாள், கேள்விப்பட்டது பாதி உண்மை. துவக்கோடு பிடிபட்டவள் என் மகள் அல்ல, நான். கோயிலடியில் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

காரில் பெட்டி இப்போது டிக்கிக்குள் போகிறது. பொலிஸ் மறித்தால் நான் இரண்டு கையையும் முன்சீற்றின் மேல் வைக்கிறேன். என் சந்தேகம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த முதல் தாளைக் கிழித்தார்களா, எங்கேயோ கோவைக்குள் வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்றைக்கு ஐந்தாறு காரை விட்டு எங்களை ஏன் மறித்தார் என்றும் யோசிக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மிச்சம். புதுப் பூட்டுக்கு இலக்கம். ஆரணி தன் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் அழுத்துகிறாள். ஆனால் எதிர்ச்சுவரில் இருக்கும் அலுமாரிக் கண்ணாடியில், குசினி வாசலில் நின்றால், அவளுடைய விரல் அப்படியே தெரியும். அது அவளுக்குத் தெரியாது. முதல்நாளே என் கண்ணில் முதல் இலக்கம் பட்டுவிட்டது. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். மற்றதைப் பார்க்க முதல் கண்ணை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும், அது எவ்வளவு பெரிய பாடு என்று.

அடுத்தநாள் என் பழைய சேலை ஒன்றை எடுத்து அந்தக் கண்ணாடிக்கு மேலே போட்டுவிட்டேன்.

"ஏன் அம்மா கண்ணாடியை மூடி வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

"தூசு படியுது," என்றேன்.

அவர்கள் மறுபடியும் ஒருநாள் வருவார்கள். இலக்கம் தெரியுமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் தெரியாது என்று சொல்வேன். சீருடை போட்ட ஒருவரிடம் நான் சொல்லும் அந்தச் சொல், என் வாழ்நாளில் முதற்தடவையாக, உண்மையாக இருக்கும்.